நாலு பேர் சாம்பாரை நாற்பது பேருக்குப் பெருக்குவது எப்படி? சமையல் அளவுக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் குறிப்பில் கப், பாட்டியின் நோட்டில் ஆழாக்கு, மளிகைக் கடையில் கிலோ, எண்ணெய்ப் பாக்கெட்டில் லிட்டர். நான்கையும் ஒரே அடுப்பில் ஏற்றும்போதுதான் கணக்கு உதைக்கிறது. இதற்குத் தேவையான கணிதம் ஆறாம் வகுப்பு விகிதம்தான். ஆனால் எதைப் பெருக்கலாம், எதைப் பெருக்கக்கூடாது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித்தருவதில்லை.

குறிப்பு 4 பேருக்கு இருக்கிறது. 14 பேர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?

முதலில் மடங்கைக் கண்டுபிடியுங்கள்: 14 ÷ 4 = 3.5. குறிப்பில் துவரம்பருப்பு 120 கிராம் என்றால் 420 கிராம். புளி 20 கிராம் என்றால் 70 கிராம். காய் 200 கிராம் என்றால் 700 கிராம்.

பள்ளியில் படித்த ஓரலகு முறையிலும் இதே விடைதான் வரும். 120 ÷ 4 = ஆளுக்கு 30 கிராம் பருப்பு, 30 × 14 = 420. இந்த வழியில் கூடுதலாக ஒரு நன்மை இருக்கிறது. ஆளுக்கு 30 கிராம் பருப்பு நம்பக்கூடிய அளவு. 3 கிராம் என்றோ 300 கிராம் என்றோ வந்தால், எங்கேயோ புள்ளி இடம் மாறிவிட்டது என்று பெருக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு வகுத்தலைத் தலைகீழாகப் போடுவது. ஆட்கள் கூடினால் மடங்கு 1க்கு மேல் வரவேண்டும், குறைந்தால் 1க்குக் கீழே. 4 ÷ 14 = 0.29 என்று வந்தால் எண்களை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று, தலையை எண்ணுவதும் வயிற்றை எண்ணுவதும் ஒன்றல்ல. 14 பேரில் 4 பேர் சிறுபிள்ளைகள் என்றால், இரண்டு பிள்ளைகளை ஒரு பெரியவராக வைத்து 12 என்று கணக்கிடலாம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் இருக்கும் இலைச்சாப்பாட்டில் ஒருவருக்குத் தேவைப்படும் சாம்பார் கணிசமாகக் குறையும். சாம்பார் மட்டும் வைக்கும் நாளின் அளவை அங்கே அப்படியே பெருக்கினால் மறுநாளும் சாம்பார்தான்.

“ஒரு கப்” என்றால் எத்தனை மில்லி?

யாருடைய கப் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 237 மி.லி., பேச்சுவழக்கில் 240. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180. இது ஜப்பானிய அளவு, அதில் அரிசி சுமார் 150 கிராம்தான் கொள்ளும். வீட்டு டம்ளர் 150 முதல் 300 வரை எதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் டம்ளரின் அளவைத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். திரையில் 210 கிராம் காட்டினால் அது 210 மி.லி. டம்ளர், ஏனென்றால் ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். அதே டம்ளரில் அரிசி, துவரம்பருப்பு, ரவை, மைதா ஒவ்வொன்றையும் தலைதட்டி நிறுத்து, எடையை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

எல்லாமே கப்பில் சொல்லப்பட்ட குறிப்புக்கு இந்தக் கவலையே வேண்டாம். “நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து” என்பது வெறும் விகிதம். தேங்காய்ச் சிரட்டையில் அளந்தாலும் சரியாகவே வரும். “2 கப் மைதா, 3 முட்டை, 100 கிராம் வெண்ணெய்” என்று அலகுகள் கலந்து வரும்போதுதான் கப்பின் அளவு தெரிந்தாக வேண்டும். முட்டையும் கிராமும் உங்கள் கப்புக்காக வளைந்துகொடுக்காது.

ஒரு கப் அரிசியும் ஒரு கப் மைதாவும் ஏன் ஒரே எடை இல்லை?

கப் அளப்பது இடத்தை, தராசு அளப்பது எடையை. 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம், பச்சரிசி ஏறக்குறைய 200, சர்க்கரை 200, மைதா 120 முதல் 125. மைதா மட்டும் நம்மை ஏமாற்றும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். கரண்டியால் தூவி நிரப்பித் தலைதட்டினால் 120. பிஸ்கெட் ஒருநாள் மென்மையாகவும் மறுநாள் கல்லாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இந்த 30 கிராம்தான் காரணம்.

பழைய நோட்டில் ஆழாக்கு, உழக்கு, பலம், வீசை என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது?

முகத்தலளவு வாய்பாடு: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஆகவே படிக்கு 8 ஆழாக்கு. 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். இந்த விகிதத்தை நம்பலாம். ஆனால் படி எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு ஊர் மாறும். பெரிய படி, சின்னப் படி என்று இரண்டு வைத்திருந்த வீடுகள் உண்டு. சென்னைப் பக்கம் புழங்கிய பெரிய படி 1.6 லிட்டருக்குச் சற்று மேல். தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 1.3 கிலோ, அதன் ஆழாக்கு சுமார் 200 மி.லி. குவித்து அளப்பது அந்த வீட்டு வழக்கமாக இருந்தால் எடை இன்னும் கூடும். பாட்டி புழங்கிய படி பரணில் இருந்தால் இறக்கித் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். எந்தப் பட்டியலையும்விட அதுதான் சரி.

எடையில் இந்தக் குழப்பம் குறைவு. 1 பலம் சுமார் 35 கிராம். 8 பலம் 1 சேர், அதாவது 280 கிராம். 5 சேர் 1 வீசை, 1.4 கிலோ. “அரை வீசை வெல்லம்” என்றால் 700 கிராம். “கால் பலம் சுக்கு” என்றால் சுமார் 9 கிராம்.

ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவா?

இல்லை, சுமார் 910 கிராம். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. பாக்கெட்டை உற்றுப் பார்த்தால் லிட்டருக்குப் பக்கத்திலேயே கிராமும் அச்சிட்டிருக்கும். நெய்யும் ஏறக்குறைய இப்படித்தான். பால் லிட்டருக்கு 1.03 கிலோ, வீட்டுக் கணக்கில் ஒன்றென்றே கொள்ளலாம். தேன் லிட்டருக்கு 1.4 கிலோவுக்குக் குறையாது. அரை லிட்டர் பாட்டில் நிறைய இருக்கும் தேனை “அரை கிலோ” என்று விற்றால் லாபம் வாங்குபவருக்கு. அரை கிலோ தேன் அரை லிட்டர் பாட்டிலை நிரப்பவில்லையே என்று சண்டைக்குப் போனால் தோற்றுவிடுவீர்கள்.

செக்கு எண்ணெய் வாங்கும்போது இது காசுக் கணக்கு. ஒரு கடையில் லிட்டர் 180 ரூபாய், இன்னொன்றில் கிலோ 190 ரூபாய் என்று வையுங்கள். 180 ÷ 0.91 = கிலோவுக்கு 198 ரூபாய். பார்வைக்கு விலை கூடியது போலிருக்கும் கிலோக் கடைதான் மலிவு.

எல்லாப் பொருளையும் ஒரே மடங்கால் பெருக்கினேன், சாம்பார் நீர்த்துப்போனது, காரம் தூக்கலாக இருந்தது. ஏன்?

பருப்பு, காய், புளி, அரிசி, மாவு எல்லாம் எடையோடு நடப்பவை. தயங்காமல் பெருக்கலாம். தண்ணீரும் தாளிப்பு எண்ணெயும் அப்படியல்ல.

தண்ணீரில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒரு பங்கை அரிசியோ பருப்போ குடிக்கிறது, அது மடங்கோடு ஏறும். மறு பங்கு ஆவியாகப் போகிறது, அது பாத்திரத்தின் வாயகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. ஒரு பாத்திரத்தின் அகலம், நீளம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு 8 மடங்காகும், வாயின் பரப்பு 4 மடங்குதான் ஆகும். உள்ளே இருப்பதில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆவி வெளியேறக் கிடைக்கும் இடம் பாதியாகிவிடுகிறது. ஒரு கணக்குக்கு, 200 கிராம் அரிசிக்கு 500 மி.லி. தண்ணீர் விடுகிறீர்கள், அதில் 350 அரிசி குடிக்கிறது, 150 ஆவியாகிறது என்று கொள்வோம். 2 கிலோ அரிசிக்கு 3.5 லிட்டர் கட்டாயம் வேண்டும். ஆவியாவது 1.5 லிட்டராக இருக்காது, அதில் பாதிக்கும் கீழேகூட இருக்கலாம். 5 லிட்டர் ஊற்றினால் சோறு குழையும். அதனால் பெரிய அளவில் சமைக்கும்போது கணக்கில் வந்த தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கை ஊற்றுங்கள். மீதியைச் சுடவைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதம் பார்த்துச் சேருங்கள். ஊற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

உப்பைப் பெருக்கக்கூடாது என்று பலர் சொல்வது முழுக்கச் சரியல்ல. உப்பு, சமைத்து முடித்த பதார்த்தத்தின் எடையோடு நடக்கும். குழம்பு வகைகளுக்குப் பொதுவாக மொத்த எடையில் 0.8 முதல் 1 சதவீதம், அதாவது 10 கிலோ சாம்பாருக்கு 80 முதல் 100 கிராம். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டு உப்பைக் குறைக்காமல் விடுவது, கரண்டி கரண்டியாக எண்ணும்போது ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் குவிந்துபோவது. 15 கரண்டியிலும் கால் கரண்டி கூடினால் கிட்டத்தட்ட 4 கரண்டி உப்பு அதிகம். பெரிய சமையலில் உப்பை நிறுத்துப் போடுங்கள்.

மிளகாய்த்தூள், பெருங்காயம், கிராம்பு, பட்டை ஆகியவற்றை முதலில் கணக்கில் முக்கால் பங்கு போடுங்கள். பெரிய பாத்திரம் மெதுவாகக் கொதிக்கும், மெதுவாக ஆறும். மசாலா அதிக நேரம் ஊறிச் சாரம் இறங்கும். கடைசியில் ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். தாளிக்கும் எண்ணெய் கரண்டியின் அடிப்பரப்பை மூடினால் போதும். 10 மடங்கு சாம்பாருக்கு 10 மடங்கு எண்ணெய் ஊற்றினால் மேலே மிதக்கும். வடை சுடும் எண்ணெயோ வடையின் எண்ணிக்கையைப் பொறுத்ததே அல்ல, வாணலியின் ஆழத்தைப் பொறுத்தது. வடைகள் குடித்துத் தீரும் எண்ணெய் மட்டும் எண்ணிக்கையோடு ஏறும்.

நேரத்தைப் பெருக்கவே பெருக்காதீர்கள். 20 நிமிடத்தில் வெந்த பருப்பு 10 மடங்கானால் 200 நிமிடம் ஆகாது. கொதி வரத்தான் நேரம் கூடும், கொதி வந்த பிறகு பருப்பு வேக ஏறக்குறைய அதே நேரம்தான்.

14 பேர் பருப்பை ஒரே குக்கரில் வைக்கலாமா?

பருப்பு நுரைக்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. அரிசிக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். 420 கிராம் பருப்பும் அதன் மூன்று பங்கு தண்ணீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர். 3 லிட்டர் குக்கரின் பாதி 1.5 லிட்டர், போதாது. 5 லிட்டர் குக்கரில் தாராளம். சின்னக் குக்கர்தான் இருக்கிறது என்றால் இரண்டு தடவை வையுங்கள். விசில் துவாரத்தில் பருப்பு நுரை அடைத்தால் கணக்கும் விகிதமும் உதவாது.

100 இட்லிக்கு எவ்வளவு அரிசி, உளுந்து?

பின்னாலிருந்து கணக்கிடுங்கள். ஓர் இட்லிக்கு மாவு சுமார் 55 கிராம் என்றால் 100 இட்லிக்கு 5.5 கிலோ. அரிசியும் உளுந்தும் சேர்ந்து 1 கிலோ ஊறவைத்து அரைத்தால் சுமார் 2.5 கிலோ மாவு வரும். 5.5 ÷ 2.5 = 2.2 கிலோ. இதை 4க்கு 1 என்று பிரித்தால் அரிசி 1.76 கிலோ, உளுந்து 440 கிராம். கடையில் 1.8 கிலோ, 450 கிராம் என்று வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுத் தட்டுக்குழி பெரியதாக இருந்தால் 55 என்பது 65 ஆகலாம். ஒரு முறை ஒரு குழி மாவை நிறுத்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இதில் இருவர் சறுக்குவார்கள். விகிதத்தைப் பிரிக்கும்போது 2.2ஐ 4ஆல் வகுத்து உளுந்து 550 என்பவர் ஒருவர். 4க்கு 1 என்றால் மொத்தம் 5 பங்கு, 5ஆல் வகுக்க வேண்டும். பாத்திரத்தை மறப்பவர் மற்றவர். 5.5 கிலோ மாவு பொங்கி ஏறக்குறைய இரட்டிப்பாகும், 12 லிட்டர் பாத்திரம் வேண்டும், அல்லது இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். காலையில் மாவு தரையில் இருந்தால் காரணம் இதுதான்.

ஒரு ஈடுக்கு 16 இட்லி என்றால் 100 ÷ 16 = 6.25. கணிதத்தில் இதை 6 என்று சுருக்கலாம், அடுப்பில் 7 ஈடு. ஈடு, பாக்கெட், முட்டை, சிலிண்டர் எல்லாவற்றிலும் பின்னம் வந்தால் மேல் எண்ணுக்குத்தான் போகவேண்டும்.

20 சதவீதம் கழிவு போனால் 20 சதவீதம் கூடுதலாக வாங்கினால் போதுமா?

போதாது. தோல், காம்பு போக 1 கிலோ காய் வேண்டும், கழிவு 20 சதவீதம் என்று வைப்போம். 1.2 கிலோ வாங்கினால் அதில் 20 சதவீதமான 240 கிராம் போய், மிஞ்சுவது 960 கிராம். சரியான கணக்கு வகுத்தல்: 1 ÷ 0.8 = 1.25 கிலோ. கழிவு அதிகமாக ஆக இடைவெளியும் பெருகும். தலையும் ஓடும் நீக்கினால் பாதிதான் தேறும் இறாலுக்கு, 1 கிலோ சுத்தம் செய்தது வேண்டுமென்றால் 1.5 அல்ல, 2 கிலோ.

6 அங்குல கேக் அளவை 9 அங்குல டின்னுக்கு ஒன்றரை மடங்கு போட்டேன், தட்டையாக வந்தது. ஏன்?

டின்னை நிரப்புவது விட்டம் அல்ல, பரப்பு. 6 × 6 = 36, 9 × 9 = 81, 81 ÷ 36 = 2.25 மடங்கு. அதே உயரம் வேண்டுமென்றால் மாவு இரண்டே கால் மடங்கு வேண்டும். மைசூர்பாக், பர்பி கொட்டும் தட்டுக்கும் இதே கணக்கு. 8 அங்குல வட்ட டின்னிலிருந்து 8 அங்குலச் சதுர டின்னுக்கு மாறினால் 1.27 மடங்கு, அதாவது கால் பங்கு கூட்டினால் சரியாக வரும்.

80க்கு 20 சிக்கரி கலந்த காபித்தூளை 70க்கு 30 ஆக்க எவ்வளவு சிக்கரி சேர்க்க வேண்டும்?

“10 சதவீதம்தானே, 50 கிராம்” என்றால் தவறு. கலவைக் கணக்கில் எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். 500 கிராம் பொடியில் காபி 400, சிக்கரி 100. சிக்கரி மட்டும் சேர்க்கப் போகிறோம், காபி 400 கிராமாகவே இருக்கும். அந்த 400 இனி 70 சதவீதமாக வேண்டும்: 400 ÷ 0.7 = 571. ஆக சேர்க்க வேண்டியது 71 கிராம். எதிர்த்திசையில், 60க்கு 40 பொடி 500 கிராமை 80க்கு 20 ஆக்க வேண்டுமென்றால் சிக்கரி 200 மாறாது. 200 ÷ 0.2 = 1000, இன்னும் 500 கிராம் சுத்தக் காபி வேண்டும். சிக்கரியைக் கூட்டுவது மலிவு, குறைப்பது செலவு.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவா?

இல்லை. 200 கிராம் 54 ரூபாய், 500 கிராம் 140 ரூபாய் என்றால் 100 கிராமுக்கு முறையே 27, 28 ரூபாய். சின்னப் பாக்கெட்டே மேல். அதே விலையில் எடையைக் குறைத்து வரும் பாக்கெட்டையும் 100 கிராம் விலைக்கு மாற்றிப் பார்த்தால்தான் பிடிபடும்.

எல்லாக் கணக்கும் பெருக்கல்தானா? எதிர் விகிதம் எங்கே வருகிறது?

இருப்பு மாறாமல் ஆட்கள் கூடும்போது. 10 பேருக்கு 12 நாள் வரும் அரிசி 15 பேருக்கு எத்தனை நாள்? 10 × 12 = 120 ஆள்-நாள், 120 ÷ 15 = 8 நாள். 14.2 கிலோ சமையல் எரிவாயு நாளுக்கு 400 கிராம் செலவானால் 35 நாள் வரும், விருந்தினர் வந்து 500 கிராம் ஆனால் 28 நாள்.

அமெரிக்கக் குறிப்பில் அவுன்ஸ், பவுண்டு, ஃபாரன்ஹீட். என்ன செய்வது?

எடை அவுன்ஸ் 28.35 கிராம், பவுண்டு 454 கிராம், ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113 கிராம். திரவ அவுன்ஸ் தனி, அது சுமார் 30 மி.லி. பைண்ட் அமெரிக்காவில் 473 மி.லி., பிரிட்டனில் 568. தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., ஆனால் ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20.

ஓவன் சூட்டுக்கு 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுக்க வேண்டும். 350 ஃபாரன்ஹீட் 177 செல்சியஸ், 400 ஃபாரன்ஹீட் 204. “30 கழித்துப் பாதியாக்கு” என்ற குறுக்குவழி வெயிலைப் பற்றிப் பேச உதவும். ஓவனில் 350க்கு 160 என்று காட்டி, கேக்கின் நடுவைப் பச்சையாக விட்டுவிடும்.

தூள் உப்புக்குப் பதில் கல் உப்பு அதே கரண்டி அளவு போடலாமா?

எடைக்கு எடை சரி, கரண்டிக்குக் கரண்டி சரியில்லை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம். கல் உப்பில் கற்களுக்கிடையே காற்று நிற்பதால் அதே கரண்டியில் எடை குறையும். கற்களின் பருமனைப் பொறுத்து எவ்வளவு குறையும் என்பது மாறும். ஊறுகாயில் இந்த வித்தியாசம் பூஞ்சையாகவே தெரியும், அங்கே தராசு இல்லாமல் இறங்காதீர்கள்.

பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கிறது. உப்பு எவ்வளவு?

சோடியத்தை 2.5ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்து, நீங்கள் தின்றது 50 கிராம் பாக்கெட் என்றால் சோடியம் 300, உப்பு 750 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அட்டையில் “ஒரு பரிமாறலுக்கு” என்று இருந்தால், ஒரு பரிமாறல் எத்தனை கிராம் என்பதையும் தேடிப் படியுங்கள். பல பாக்கெட்டுகளில் அது பாக்கெட்டின் கால் பங்குதான்.

குறிப்பைப் பாதியாக்கினால் ஒன்றரை முட்டை வருகிறது. அரை முட்டையை எப்படி எடுப்பது?

உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் கலக்கும்படி அடித்து, நிறுத்துப் பாதியை எடுங்கள். ஓடு நீக்கிய நடுத்தர முட்டை சுமார் 50 கிராம், ஆகவே 25 கிராம், அல்லது ஒன்றே முக்கால் மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அடிக்காமல் ஊற்றினால் முழு மஞ்சளும் ஒரே பக்கம் விழும். மிஞ்சிய பாதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ஆம்லெட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.